இருமலுக்குச் சீன மருந்து எடுக்கலாமா? ஆதாரம் இருக்கிறதா?

வாசுகி, செங்காங்

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இப்போது ஆளாளுக்கு இருமல். பெரியவனுக்கு ஏழு வயது. சளிக்காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் ராத்திரியானால் இருமல் தொடங்கிவிடுகிறது. மாமியாருக்கு மாதக்கணக்காக வறட்டு இருமல். தொண்டையில் மயிர் சிக்கிய மாதிரி இருக்கிறது என்பார். அவருக்கு ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் உண்டு. நான் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன், எனக்கும் தொண்டை கட்டியிருக்கிறது.

எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி ஒரு பாட்டில் பெய் பா கோவா என்ற சீன இருமல் பாகும், பேரிக்காயோடு வேகவைத்துக் கொடு என்று ஒரு சின்னப் பொட்டலம் வெள்ளைக் கிழங்கும் கொண்டுவந்து தந்தார். சுவான் பெய் என்றார். இதற்கிடையில் என் கணவருடன் வேலை செய்பவர் சீனாவுக்குப் போய்வந்து, பழுப்பு நிற மாத்திரைகள் உள்ள ஒரு பாட்டிலைக் கொடுத்திருக்கிறார். இருமலுக்கு இதை மிஞ்சியது கிடையாது என்றாராம். லேபிள் முழுக்கச் சீன எழுத்து.

சீனர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுவதுதானே, கொடு என்கிறார் மாமியார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இவற்றுக்கெல்லாம் உண்மையில் ஆதாரம் இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரவி, தைப்பிங்

பெய் பா கோவாவுக்குப் பயப்படவே வேண்டாம் தங்கச்சி. எங்கள் வீட்டில் அது இல்லாத நாள் கிடையாது. தேயிலைச் சாயம் போலக் கறுப்பாக, பாகு பதத்தில் இருக்கும். ஒரு கரண்டி எடுத்து அப்படியே நக்க வேண்டும், உடனே தண்ணீர் குடிக்கக் கூடாது. தொண்டை வழியே இறங்கும்போதே குளிர்ச்சி தெரியும். தோட்டத்தில் இருந்த காலத்திலேயே என் அம்மா சீன மருந்துக் கடையில் இதைத்தான் வாங்குவார்.

அதற்கு ஒரு கதையும் உண்டு. சிங் வம்சக் காலத்தில் யாங் என்ற அதிகாரியின் தாயாருக்கு ஓயாத இருமல். யே தியன்ஷி என்ற பெரிய வைத்தியர் எழுதிக் கொடுத்த பாகு அதைக் குணமாக்கியதாம். தாயாரின் நினைவாக அந்தக் குடும்பம் அதைக் காய்ச்சி ஊருக்குக் கொடுத்தது என்பார்கள். அப்புறம் கைமாறி, 1946-இல் ஹாங்காங்கில் நிறுவனமாயிற்று. 2018-இல் நியூயார்க்கில் ஃப்ளூ பரவியபோது அங்கே ஒரு பாட்டிலைத் தேடி ஜனங்கள் அலைந்ததைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள்.

மீனா (மருந்தாளர்), கிள்ளான்

வாசுகி, முதலில் ஒன்றைச் செய்யுங்கள். அந்தப் பழுப்பு மாத்திரையை யாரும் தொடாதபடி எடுத்து வையுங்கள். குறிப்பாக நீங்கள் சாப்பிடவே கூடாது. லேபிளைப் படம் எடுத்துப் போட முடியுமா? சீனாவில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு இருமல் மாத்திரையில் அதிமதுரச் சாரத்தோடு அபினித் தூளும் இருக்கும். அதுவா என்று பார்த்தபின் மற்றதைப் பேசலாம்.

கைக்குழந்தைக்கு ஒரு வயது ஆகவில்லை என்றால் பெய் பா கோவாவை விரலில் தொட்டுக்கூட நாக்கில் வைக்க வேண்டாம். அதில் தேன் இருக்கிறது. தேனில் சில சமயம் பொட்டுலிசம் கிருமியின் விதைத்துகள்கள் இருக்கும். பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தளர்த்திவிடும்.

வாசுகி, செங்காங்

அக்கா, படம் போட்டிருக்கிறேன். குழந்தைக்கு ஒன்பது மாதம்தான். மாத்திரையை அலமாரி உச்சியில் வைத்துவிட்டேன்.

மீனா (மருந்தாளர்), கிள்ளான்

பார்த்தேன். அதுவேதான். கூட்டு அதிமதுர மாத்திரை. உள்ளே இருப்பவை அதிமதுரச் சாரம், அபினித் தூள், கற்பூரம், நட்சத்திரச் சோம்பு எண்ணெய், சோடியம் பென்சோயேட். இருமல் நிற்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நிறுத்துவது அபினியில் உள்ள மார்பினும் கோடீனும். மூளையில் இருமலைத் தூண்டும் இடத்தையே அவை மந்தமாக்குகின்றன. பால் கொடுக்கும் தாய் இதைச் சாப்பிட்டால் மருந்து பாலில் இறங்கும். 2005-இல் கனடாவின் டொரொண்டோவில் பிரசவத்துக்குப் பின் வலிக்குக் கோடீன் எடுத்த ஒரு தாயின் பச்சைக் குழந்தை இறந்துபோனது. அந்தத் தாயின் உடல் கோடீனை மிக வேகமாக மார்பினாக மாற்றும் வகை என்று எழுதினார்கள்; பால் வழியாகத்தான் இறந்ததா என்பதில் பின்னால் சந்தேகமும் எழுந்தது. நம் உடல் எந்த வகை என்று நமக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். சீனாவில் கடும் லொக்காட் பாகு என்று ஒரு மருந்து உண்டு. பெயரும் பாட்டிலும் பார்க்கப் பெய் பா கோவாவுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதில் கசகசாச் செடியின் காய் ஓடு சேர்கிறது. அதுவும் அபினி வகைதான். ரவி அண்ணன் சொல்லும் பெய் பா கோவாவில் அது இல்லை. இரண்டிலும் லொக்காட் என்ற பழமரத்தின் இலை சேர்கிறது, அந்த ஒரு பெயரை வைத்து இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. மாத்திரையைக் குப்பையில் போடாமல், பக்கத்து மருந்துக்கடையில் ஒப்படைக்க முடியுமா என்று கேளுங்கள். இப்படிப்பட்டதை ஊரிலிருந்து பையில் கொண்டுவந்தால் சிங்கப்பூர் எல்லையில் சட்டச் சிக்கலும் வரலாம் என்று உங்கள் கணவர் அந்த நண்பரிடம் சொல்லி வைக்கட்டும்.

கார்த்திக், நாகப்பட்டினம்

ஆதாரம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். மருந்து ஆய்வுகளின் புள்ளிவிவரம் என் வேலை. சீன மூலிகைக்கு ஆய்வே நடக்கவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன, நம்பத்தக்கவைதான் குறைவு.

உலகெங்கும் நடந்த மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துச் சலித்துப் பார்ப்பது காக்ரேன் அமைப்பின் வேலை. திடீர் மூச்சுக்குழாய் அழற்சிக்குச் சீன மூலிகைகள் பயன்படுமா என்று அது பார்த்தது. 2012-இல் புதுப்பித்த அறிக்கையில் 74 ஆய்வுகள், 6,877 நோயாளிகள். இத்தனை பேரை வைத்தும் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. யாருக்கு மருந்து, யாருக்கு ஒப்பீட்டு மருந்து என்பதை எப்படிப் பிரித்தார்கள் என்றே பல கட்டுரைகளில் இல்லை. போலி மருந்து கொடுத்து ஒப்பிட்டவை அரிது. ஒவ்வொருவர் கொடுத்த கஷாயமும் வேறு. பக்க விளைவைப் பலர் எழுதவே இல்லை.

இன்னொரு பழைய கணக்கும் உண்டு. 1998-இல் வெளிவந்தது. சில நாடுகளிலிருந்து வரும் ஆய்வுகளில் எத்தனை விழுக்காடு மருந்து வேலை செய்தது என்று முடிகின்றன என்று பார்த்தார்கள். சீனாவிலிருந்து வந்தவற்றில் 99 விழுக்காடு. உலகின் எந்த மருத்துவத்திலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முயற்சி பலிப்பதில்லை. தோற்ற ஆய்வுகள் அச்சேறவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம். பிறகு வந்த ஆய்வுகளில் தரம் கூடியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று உங்கள் மகன் விஷயத்தில் இருக்கிறது. சளியால் வரும் சாதாரண இருமல் எத்தனை நாள் இருக்கும் என்று அமெரிக்காவில் ஜனங்களைக் கேட்டார்கள். ஏழிலிருந்து ஒன்பது நாள் என்றார்கள். ஆய்வுகளில் அளந்த சராசரியோ கிட்டத்தட்ட 18 நாள். 2013-இல் வந்த கட்டுரை இது. இப்போது யோசித்துப் பாருங்கள். பத்தாம் நாள் பொறுமை இழந்து ஒரு மருந்தைத் தொடங்குகிறோம், பதினைந்தாம் நாள் இருமல் அடங்குகிறது. மருந்துதான் குணமாக்கியது என்று சத்தியம் செய்வோம். பெய் பா கோவா, ஆங்கில மருந்து சிரப், பாட்டியின் கஷாயம் எல்லாமே இப்படிச் சம்பாதித்த நற்பெயர் நிறைய உண்டு.

சுப்பையா, ஈப்போ

தம்பி கார்த்திக், நீங்கள் சொல்வது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் சொல்ல விடுங்கள். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். எங்கள் பேராக் மாநிலத்தில் கோப்பெங் ஈயச் சுரங்கத்துக் கூலிகளுக்காக 1879-இல் திறந்த கடைதான் இன்றைய யூ யான் சாங். அபினிக்கு அடிமையாகி உடல் கெட்டுக்கிடந்தவர்களுக்கு மூலிகை கொடுக்கவே அந்தக் கடை வந்தது என்று இங்கே சொல்வார்கள்.

ஆங்கில மருத்துவம் எத்தனையைச் சீனத்திலிருந்து எடுத்துக்கொண்டது? மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் எங்கிருந்து வந்தது? தூ யூயூ அம்மையார் 2015-இல் நோபல் பரிசு வாங்கினாரே. மூச்சிரைப்புக்கு டாக்டர்கள் கொடுத்துவந்த எஃபெட்ரின் மா ஹுவாங் செடியிலிருந்து வந்ததுதானே. சரி, மருந்துக்கடையில் விற்கும் இருமல் சிரப்புக்கு மட்டும் என்ன பெரிய ஆதாரம் இருக்கிறது? எல்லோரையும் ஒரே தராசில் நிறுங்கள்.

கார்த்திக், நாகப்பட்டினம்

ஐயா, கடைசிக் கேள்வி முழுக்க நியாயம். கடையில் சீட்டில்லாமல் வாங்கும் இருமல் மருந்துகளைப் பற்றியும் காக்ரேன் 2014-இல் பார்த்தது. அவை வேலை செய்கின்றன என்றும் சொல்ல முடியவில்லை, செய்யவில்லை என்றும் சொல்ல முடியவில்லை என்ற நிலைதான். சர்க்கரைப் பாகே தொண்டையை நனைத்து, எச்சிலைச் சுரக்கவைத்து இருமலைக் கணிசமாகத் தணிக்கிறது. மருந்து அதற்கு மேல் செய்வது கொஞ்சம்தான்.

மீனா (மருந்தாளர்), கிள்ளான்

சுப்பையா ஐயா மா ஹுவாங்கை எடுத்தது நல்லதாயிற்று. ஆதாரம் என்றால் என்ன என்பது அந்த ஒரு செடியில் முழுக்கத் தெரியும்.

ஹான் வம்சத்தின் கடைசிக் காலத்தில் வாழ்ந்த சாங் சோங்ஜிங் எழுதிவைத்த கஷாயங்களில் ஒன்று மா சிங் ஷி கான். நாலே சரக்கு: மா ஹுவாங், கசப்பு வாதுமைப் பருப்பு போன்ற ஆப்ரிகாட் கொட்டை, ஜிப்சம் கல், அதிமதுரம். காய்ச்சலோடு மூச்சு வாங்கி இருமுபவருக்கு உரியது. 1885-இல் ஜப்பானியரான நகாயி மா ஹுவாங்கிலிருந்து எஃபெட்ரினைத் தனியே பிரித்தார். 1924-இல் பெக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் சென் கோ குவேயும் ஷ்மிட்டும் அது உடலில் என்ன செய்கிறது என்று காட்டினார்கள். சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கிறது, கூடவே இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. அதே குணம்தான் பின்னால் வினையாயிற்று. உடல் மெலிய என்று அமெரிக்காவில் மாத்திரையாக விற்றார்கள். பக்கவாதமும் மாரடைப்பும் மரணங்களும் வந்து, 2004-இல் சத்து மாத்திரைகளில் அதைத் தடை செய்தார்கள்.

ஆக, மா ஹுவாங் வேலை செய்யும். வேலை செய்கிற எதற்கும் விலை உண்டு. ரத்தக்கொதிப்பு உள்ள உங்கள் மாமியாருக்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள் வாசுகி.

இந்தக் கஷாயத்துக்கு நல்ல ஆய்வு ஒன்றும் இருக்கிறது. 2009 பன்றிக்காய்ச்சல் சமயத்தில் சீனாவில் 410 பேரை நாலு பிரிவாகப் பிரித்தார்கள். மருந்தில்லாத பிரிவில் காய்ச்சல் இறங்க 26 மணி நேரம் ஆனது. ஒசெல்டமிவிர் என்ற ஃப்ளூ மருந்து எடுத்தவர்களுக்கு 20. இந்தக் கஷாயமும் யின் சியாவ் என்ற இன்னொன்றும் சேர்த்துக் குடித்தவர்களுக்கு 16. கஷாயங்களோடு ஒசெல்டமிவிரும் எடுத்தவர்களுக்கு 15. 2011-இல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. நான் அதை மதிக்கிறேன். ஆனால் யார் என்ன குடிக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு, அளந்தது காய்ச்சலை. இருமலுக்கு ஆதாரம் என்று இதைக் கடைகளில் காட்டினால் ஏமாறக் கூடாது.

வாசுகி, செங்காங்

எனக்குத் தலை சுற்றுகிறது. பெய் பா கோவாவைப் பெரியவனுக்குக் கொடுக்கலாமா, மாமியாருக்குக் கொடுக்கலாமா, அதை மட்டும் சொல்லுங்கள் அக்கா.

மீனா (மருந்தாளர்), கிள்ளான்

சொல்கிறேன். பெய் பா கோவாவில் லொக்காட் இலை, சுவான் பெய், பம்ளிமாஸ் தோல், பிளாட்டிகோடன் வேர், அதிமதுரம், இஞ்சி, கசப்பு ஆப்ரிகாட் கொட்டை என்று பத்துப் பதினைந்து சரக்கு சேர்கிறது. எல்லாவற்றையும் தேனும் மாவுச்சர்க்கரைப் பாகும் கட்டிப் பிடித்திருக்கின்றன. மேலே புதினாக் குளிர்ச்சி. இந்தப் பட்டியலில் மனிதரிடம் இருமலுக்கு ஓரளவு நல்ல ஆதாரம் உள்ள பொருள் தேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் கொடுக்காமல் இருப்பதைவிடத் தேன் மேல், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்ற ஆங்கில இருமல் மருந்து சிரப்போடு ஏறக்குறையச் சமம் என்று 2018-இல் காக்ரேன் சொன்னது. ரவி அண்ணன் சொல்லும் குளிர்ச்சியும் பொய்யில்லை, மெந்தால் தொண்டை நரம்பில் குளிர் உணர்வைத் தூண்டி அரிப்பை மறக்கவைக்கும். மீதி மூலிகைகளுக்கு எலியிடமும் கினிப்பன்றியிடமும் செய்த சோதனைகள் உண்டு. பாட்டிலாக, இதே பாகாக, மனிதரிடம் நடந்த வலுவான ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை.

பெரியவனுக்கு லேபிளில் அவன் வயதுக்குப் போட்ட அளவில் கொஞ்ச நாள் கொடுக்கலாம். ராத்திரி படுக்கும் முன் வெறும் தேன் கொடுத்தாலும் அதே பலனை எதிர்பார்க்கலாம். மாமியாருக்கு வேண்டாம். அது கிட்டத்தட்ட முழுக்கச் சர்க்கரை, ஒரு நாளைக்கு மூன்று தரம் குடித்தால் அவருடைய அளவு ஏறும். அதிமதுரமும் இருக்கிறது. அதை மாதக்கணக்காக எடுத்தால் உடலில் உப்பும் நீரும் தங்கி, பொட்டாசியம் இறங்கி, ரத்த அழுத்தம் ஏறும். கறுப்பு அதிமதுர மிட்டாயை வாரக்கணக்கில் தினமும் தின்ற ஒருவர் மாசசூசெட்ஸில் பொட்டாசியம் இறங்கி இதயம் நின்று இறந்ததை 2020-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

ஆனால் எனக்கு வேறு ஒரு சந்தேகம். மாமியார் ரத்தக்கொதிப்புக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?

வாசுகி, செங்காங்

பெரின்டோபிரில். போன வருடம் பலதுறை மருந்தகத்தில் மாற்றிக் கொடுத்தார்கள்.

மீனா (மருந்தாளர்), கிள்ளான்

அதைத்தான் நினைத்தேன். எனலாபிரில், லிசினோபிரில், பெரின்டோபிரில் என்று பிரில்லில் முடியும் மருந்துகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். பிராடிகைனின் என்ற பொருள் நுரையீரலில் தேங்கி நரம்பைக் கூச்செறியச் செய்வதால் வரும் என்று கருதுகிறார்கள். தொண்டையில் ஏதோ சிக்கியிருப்பது போன்ற உணர்வும் ராத்திரியில் அதிகமாவதும் இதில் அடிக்கடி காண்பவை. மருந்து தொடங்கிய உடனேயும் வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம். சீனர்கள் மத்தியில் இது இன்னும் அதிகம். இந்த இருமல் எந்தக் கஷாயத்துக்கும் நிற்காது, மாத்திரையை மாற்றினால்தான் நிற்கும். தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் சார்ட்டன் என்று முடியும் வேறு வகை ரத்தக்கொதிப்பு மருந்துக்கு மாற்றுவார். மாற்றிய பிறகும் ஒன்றிலிருந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும்.

தமிழினி (சித்த மருத்துவ மாணவி), பாளையங்கோட்டை

மீனா அக்காவின் பதிவைப் படித்துவிட்டு எழுதுகிறேன். மூலிகை என்றால் மென்மையானது என்ற எண்ணம் எங்கள் பக்கத்திலும் இருக்கிறது. அதனால் சீனத்தின் இன்னொரு இருமல் மருந்தைச் சொல்லியாக வேண்டும்: மா தவ் லிங். ஒரு கொடியின் காய். காய்ந்து வெடித்தால் சின்னக் கூடை போலத் தொங்கும். நுரையீரல் சூட்டால் வரும் இருமலுக்கு நூற்றாண்டுகளாகக் கொடுத்தார்கள். அதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிய மருந்து எடுத்த பெண்களுக்கு ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு சீன மூலிகைக்குப் பதில் அதே போன்ற பெயருள்ள, இந்த அமிலம் கொண்ட வேறு மூலிகை மாறிப் போயிருந்தது. நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், பலருக்குப் பின்னால் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோய் வந்தது. அந்த அமிலம் புற்றுநோய் உண்டாக்கும் என்பது இன்று உறுதி. 2020-இல் வந்த சீன அரசு மருந்து நூல் பதிப்பிலிருந்து மா தவ் லிங்கை நீக்கிவிட்டார்கள். இத்தனை நூற்றாண்டுப் பழக்கமும் அந்தக் காயின் நஞ்சைக் காட்டவில்லை. ஏனென்றால் இருமல் ஒரு வாரத்தில் நின்றுவிடுகிறது, சிறுநீரகம் பல ஆண்டு கழித்துக் கெடுகிறது. இரண்டையும் முடிச்சுப் போடும் வழி பழைய வைத்தியருக்கு இல்லை.

எங்கள் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே குடும்பத்துக் கொடிகள். அதே அமிலம் உண்டு. என் வகுப்பில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள், இருந்தாலும் சொல்கிறேன். நம்முடையது என்பதால் சிறுநீரகம் சலுகை காட்டாது.

சுப்பையா, ஈப்போ

மகளே, நன்றாகச் சொன்னாய். மா தவ் லிங் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சீன வைத்தியர் இருமல் என்று ஒன்றாகப் பார்ப்பதில்லை. குளிர்க்காற்றால் வந்த இருமல், சூட்டால் வந்தது, வறட்சியால் வந்தது, சளி கட்டியது என்று பிரிப்பார். நாக்கைப் பார்ப்பார், நாடி பார்ப்பார். சளி வெள்ளையா மஞ்சளா என்று கேட்பார். வறட்சிக்கு உரிய பெய் பா கோவாவை வெள்ளைச் சளி கட்டியவருக்குக் கொடுக்க மாட்டார். எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துச் சோதித்தால் இந்த நுணுக்கம் எப்படித் தெரியும்?

கார்த்திக், நாகப்பட்டினம்

ஐயா, அதையும் சோதிக்கலாம். வைத்தியரே ஆளுக்கு ஏற்றபடி மருந்து எழுதட்டும். எழுதியதில் பாதிப் பேருக்கு உண்மை மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்திலும் வாடையிலும் போலிச் சாறு. யாருக்கு எது என்று வைத்தியருக்கும் தெரியக் கூடாது. கஷாயத்தின் கசப்பையும் வாடையையும் போலியில் கொண்டுவருவதுதான் பாடு. ஜப்பானில் இந்தப் பாடு கொஞ்சம் குறைவு. அங்கே பழைய சீனக் கஷாயங்களையே ஒரே தரத்தில் காய்ச்சி, உலர்த்தி, பொடிப் பொட்டலமாகத் தருகிறார்கள். டாக்டர்களே எழுதுகிறார்கள், காப்பீடும் உண்டு. சாங் சோங்ஜிங்கின் மை மென் தோங் கஷாயத்தைச் சளிக்குப் பின் நீடிக்கும் வறட்டு இருமலுக்கு அப்படிக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளில் முதல் சில நாட்களில் பலன் தெரிந்திருக்கிறது. எண்ணிக்கை மிகக் குறைவு. பெரிய ஆய்வு நடக்க வேண்டிய இடம் இது என்பது என் எண்ணம்.

ரவி, தைப்பிங்

வாசுகி, அந்த வெள்ளைக் கிழங்குப் பொட்டலத்தை மறந்துவிட்டோமே. சுவான் பெய் விலை உயர்ந்த சரக்கு, எதிர்வீட்டு அம்மாவுக்கு உங்கள் மேல் நல்ல பிரியம். பேரிக்காயின் தலையைச் சீவி, விதைப் பகுதியைத் தோண்டி எடுத்து, உள்ளே சுவான் பெய் பொடியும் கற்கண்டும் போட்டு, சீவிய தலையை மூடியாக வைத்து, கிண்ணத்தோடு ஆவியில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். காய் கண்ணாடி போல ஆகி, கிண்ணத்தில் தேன் நிறத்தில் சாறு ஊறியிருக்கும். சூடாகக் குடிக்க வேண்டும்.

நல்ல சரக்கா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு கிழங்கிலும் இரண்டு இதழ் இருக்கும். பெரியது சின்னதைக் கட்டி அணைத்தபடி, சின்னது பிறை போல எட்டிப் பார்க்கும். கடைக்காரர்கள் நெஞ்சில் அணைத்த நிலா என்பார்கள். விலை குறைந்த வேறு கிழங்கைக் கலப்பதும் நடக்கிறது.

தமிழினி (சித்த மருத்துவ மாணவி), பாளையங்கோட்டை

ரவி அண்ணா, அந்தச் செடியைப் பற்றி நெஞ்சை உலுக்கும் ஒரு செய்தி உண்டு. சுவான் பெய் தரும் செடிகளில் ஒரு இனம் சீனாவின் உயர்ந்த மலைச்சரிவுகளில், பாறைச் சிதறல்களுக்கு நடுவே வளர்கிறது. சாதாரணமாகப் பளிச்சென்ற பச்சை. ஆட்கள் அதிகம் தோண்டும் இடங்களில் மட்டும் அது சாம்பலும் பழுப்புமாக, பாறையின் நிறத்துக்கே மாறியிருக்கிறது. 2020-இல் வெளிவந்த ஆய்வு. கண்ணில் பட்ட பச்சைச் செடிகளையெல்லாம் மனிதர்கள் பறித்துவிட, கண்ணில் படாதவை தப்பிப் பெருகியிருக்கின்றன. ஒரு கிலோ சேர்க்க 3,500 கிழங்குக்கு மேல் வேண்டும். அந்தச் செடி தப்பிக்கப் படும் பாட்டைப் படித்தபின், மனிதரிடம் நிரூபிக்காத ஒரு பலனுக்காக அதைத் தோண்ட வேண்டுமா என்று எனக்குத் தோன்றிவிட்டது. பேரிக்காயும் கற்கண்டும் மட்டும் வேகவைத்தாலே தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கும்.

ரவி, தைப்பிங்

இது எனக்குப் புதிது தங்கச்சி. இனிமேல் பேரிக்காயும் காய்ந்த கமலாத் தோலும் மட்டும் போட்டுச் செய்துபார்க்கிறேன்.

மீனா (மருந்தாளர்), கிள்ளான்

கசப்பு ஆப்ரிகாட் கொட்டை பற்றி ஒரு வரி, ஏனென்றால் பேரிக்காய்ச் சாறில் அதைப் பச்சையாகப் பொடித்துப் போடச் சொல்பவர்கள் உண்டு. அதில் உள்ள அமிக்டலின் வயிற்றில் சயனைடாக மாறும். பெரியவருக்கே மூன்று சின்னக் கொட்டைக்கு மேல் பச்சையாகத் தின்றால் ஆபத்து எல்லையைத் தாண்டலாம், சின்னக் குழந்தைக்கு ஒன்றே போதும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2016-இல் எச்சரித்தது. கடையில் இனிப்புக் கொட்டை, கசப்புக் கொட்டை இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஜாடியில் இருக்கும். பாயாசம் மாதிரிச் செய்ய வாங்குவது இனிப்பு. கசப்பைத் தொட வேண்டாம்.

சீன வைத்தியரிடமே போக விரும்பினால் போங்கள், நான் தடுக்க மாட்டேன். சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும், பெயரைத் தேடிப் பார்க்கலாம். 1867-இல் தொடங்கிய தோங் சாய் நிலையத்தில் இனம் பார்க்காமல் எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கிறார்கள். மலேசியாவில் பாக்கெட்டில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும், பளபளக்கும் ஒட்டுச்சீட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத, பெயரில்லாத பொட்டல மாத்திரை ஒரே நாளில் இருமலை நிறுத்தினால் அதைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். இப்படிப்பட்டவற்றில் ஸ்டெராய்டு கலந்திருந்ததை அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டரிடம் போகும்போது சீன மருந்தையும் அப்படியே.

வாசுகி, செங்காங்

எல்லோருக்கும் தகவல் சொல்ல வந்தேன். மாமியாருக்கு டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டார். இருமல் முழுக்க நிற்கவில்லை, ஆனால் ராத்திரியில் இடையில் எழாமல் தூங்குகிறார். பெரியவனுக்குப் படுக்கும்போது ஒரு கரண்டி தேன் கொடுத்தேன், இப்போது இருமல் இல்லை. தேனாலா, நாள் ஆனதாலா என்று கார்த்திக் தம்பி கேட்பார், எனக்கும் தெரியாது. அந்தப் பழுப்பு மாத்திரையைக் கிளினிக்கில் ஒப்படைத்தாயிற்று. எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கணவரும் பிரில் மாத்திரைதான் சாப்பிடுகிறாராம், அவருக்கும் பழைய இருமல் இருக்கிறதாம். மீனா அக்கா எழுதியதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

மாமியாருக்கு எவ்வளவு நாள் பொறுக்கலாம் அக்கா?

மீனா (மருந்தாளர்), கிள்ளான்

நல்ல சேதி. எதிர்வீட்டு ஐயாவும் டாக்டரைப் பார்க்கட்டும், தானாக நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒரு மாதம் பாருங்கள். குறைந்துகொண்டே போனால் காத்திருக்கலாம். அப்படியே நின்றுவிட்டால், அல்லது எடை குறைவது, சாயந்தரம் காய்ச்சல், சளியில் ரத்தம், மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் கேளுங்கள். காசநோயும் ஆஸ்துமாவும் புளித்த ஏப்பமும்கூட மாதக்கணக்கில் இருமலாகவே இருக்கும். மாற்றிய மாத்திரையின் பெயரை எனக்கு எழுதுங்கள், சர்க்கரை மருந்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.